கோயு விடுதிச் சுவரில் தொங்கும் பலகைகளில் என்ன எழுதியிருக்கிறது?

கட்டுச்சோறு | வெள்ளி, இரவு 9.12

வணக்கம். போன வாரம் பழைய சாமான் கடை ஒன்றில் 300 ரூபாய் கொடுத்து ஒரு ஜப்பானியப் படம் வாங்கினேன். சட்டத்தின் மூலை பெயர்ந்திருக்கிறது, படத்துக்குச் சேதமில்லை. பெரிய அலையை வரைந்தவரின் படம் என்று சொல்லிக் கடைக்காரர் விலையை ஏற்றப் பார்த்தார். அவர் சொன்னதை நம்பாமல், படத்துக்காகவே வாங்கினேன்.

ஒரு சிற்றூரின் தெரு. பொழுது சாய்கிற நேரம். இரு பக்கமும் ஓட்டுக்கும் வைக்கோலுக்கும் நடுவே ஏதோ கூரை போட்ட வீடுகள். நடுத்தெருவில் பருத்த உடம்புக்காரி ஒருத்தி, வழிப்போக்கன் கழுத்தில் கட்டியிருக்கும் மூட்டையைப் பிடித்து இழுக்கிறாள். முடிச்சு இறுகி அவனுக்குக் கண் பிதுங்குகிறது. இன்னொருத்தி அவனுடைய துணையாளை மடக்கிவிட்டாள். வலப்பக்கம் ஒரு விடுதி. அதன் திண்ணையில் ஏற்கெனவே அகப்பட்ட ஒருவன் உட்கார்ந்து செருப்பைக் கழற்றுகிறான். கிழவி ஒருத்தி கால் கழுவத் தொட்டியில் தண்ணீர் கொண்டுவருகிறாள்.

என் கேள்வி இதுதான். விடுதிச் சுவரில் நீளவாக்கில் நான்கு பலகைகள் வரிசையாகத் தொங்குகின்றன, எழுத்துகளோடு. பக்கத்தில் ஒரு பெரிய வட்டம், அதிலும் எழுத்து. சாப்பாட்டு விலைப்பட்டியலா? படிக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படத்தை இணைத்திருக்கிறேன்.

கருமை | வெள்ளி, இரவு 9.50

கடைக்காரர் சொன்னது ஹொகுசாய். இது அவருடையது அல்ல, ஹிரோஷிகே வரைந்தது. எடோ நகரத்தின் (இன்றைய தோக்கியோ) நிஹோன்பாஷி பாலத்தில் தொடங்கி கியோத்தோவின் சான்ஜோ பாலம் வரை போகும் தோக்கைடோ நெடுஞ்சாலையில் 53 தங்கல் ஊர்கள் இருந்தன. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு படம், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒவ்வொன்று, ஆக 55. 1833-34 வாக்கில் வெளிவந்த இந்தத் தொகுதியைப் பதிப்பகத்தின் பெயரால் ஹோயெய்தோ பதிப்பு என்பார்கள். உங்களிடம் இருப்பது 35ஆவது தங்கல் ஊரான கோயு.

ஹிரோஷிகே இதே சாலையைப் பின்னாளில் வேறு பதிப்பாளர்களுக்காகவும் பல முறை வரைந்தார். இந்த முதல் தொகுதியில் இருக்கிற குறும்பு அவற்றில் இல்லை என்பது என் அபிப்பிராயம். பலகைகளில் இருப்பது எனக்கும் தெரியாது. ஜப்பானில் இருக்கும் மேகலை அம்மா வரட்டும்.

வடக்குத்தெரு | வெள்ளி, இரவு 9.58

மலைவாசத்தலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் "ரூம் வேண்டுமா சார்" என்று பெட்டியைப் பிடுங்குவார்களே, அதே காட்சி. 190 வருடங்களில் உடை மட்டும் மாறியிருக்கிறது.

மேகலை_ஐச்சி | சனி, காலை 6.20

கட்டுச்சோறு ஐயா, விலைப்பட்டியல் அல்ல. உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் இணையத்தில் வைத்திருக்கும் பிரதியோடும் ஒப்பிட்டேன். நான்கு பலகைகளிலும் இருப்பது இதுதான்:

தோக்கைடோ தொடர் படங்கள். செதுக்கியவர் ஜிரோபெய். அச்சிட்டவர் ஹெய்பெய். வரைந்தவர் இச்சிர்யூசாய்.

இச்சிர்யூசாய் என்பது ஹிரோஷிகேயின் புனைபெயர். பெரிய வட்டத்தில் இருப்பது "தகெனோஉச்சி பதிப்பு". பதிப்பாளர் தகெனோஉச்சி மகோஹாச்சி. அவருடைய கடைப் பெயர்தான் ஹோயெய்தோ.

அதாவது வழிப்போக்கர்களை இழுத்துப்போடும் விடுதியின் சுவரில், அந்தப் படத்தைத் தயாரித்த நான்கு பேரும் தங்கள் பெயரைத் தாங்களே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். வட்டத்தின் அளவைப் பாருங்கள். முதலாளியின் பெயர்தான் எல்லாவற்றையும்விடப் பெரியது.

கட்டுச்சோறு | சனி, காலை 7.05

அடடா! இரண்டு நாளாக அதைச் சோறு, மீன், கள் என்று கற்பனை செய்துகொண்டிருந்தேன்.

ஈயெழுத்து | சனி, காலை 8.40

நான் அச்சுத்தொழிலில் 38 வருடம் இருந்தவன். கையால் எழுத்துக் கோத்துத் தொடங்கி ஆஃப்செட்டில் ஓய்வு பெற்றேன். மேகலை அம்மா எழுதியதைப் படித்ததும் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். செதுக்கியவனுக்கும் அச்சடித்தவனுக்கும் பெயர் போட்டிருக்கிறார்கள்! எங்கள் காலத்தில் கல்யாணப் பத்திரிகையின் அடியில் அச்சகத்தின் பெயர் வரும். அச்சடித்த கை யாருடையது என்று எங்கே வரும்?

இந்தப் படங்கள் எப்படி உருவாகின என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன். ஓவியர் மெல்லிய தாளில் மையால் கோட்டோவியம் மட்டும் போட்டுக் கொடுப்பார். செதுக்குபவர் அந்தத் தாளைக் காட்டுச் செர்ரி மரப் பலகையில் முகம் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை விட்டுவிட்டு மற்ற இடத்தைக் குடைந்து எடுப்பார். ஓவியர் வரைந்த மூலத்தாள் அந்த உளியிலேயே அழிந்துபோகும். ஆகவே "ஹிரோஷிகேயின் அசல்" என்று இந்தப் படத்துக்கு ஒன்று கிடையாது. இருப்பது ஜிரோபெய் வெட்டிய கோடு.

பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பலகை. பலகையின் ஒரு மூலையில் முழங்கை வடிவத்திலும், அதே விளிம்பில் சற்றுத் தள்ளி நேர்கோடாகவும் இரண்டு சிறு வெட்டுகள் இருக்கும். கென்தோ என்று பெயர். தாளின் மூலையை முதலாவதிலும் ஓரத்தை இரண்டாவதிலும் பொருத்திப் படுக்கவைத்தால் எத்தனை நிறம் ஏற்றினாலும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்காரும். நான்கு வண்ண இயந்திரத்தில் நிறம் விலகாமல் நிறுத்த நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால், இரண்டு மரவெட்டில் வேலையை முடித்த அந்த மூளையைக் கும்பிடத் தோன்றுகிறது.

வடக்குத்தெரு | சனி, காலை 8.55

அரிசித் தாளில் அச்சிடுவார்கள் என்று படித்திருக்கிறேன்.

ஈயெழுத்து | சனி, காலை 9.10

தம்பி, அரிசிக்கும் தாளுக்கும் சம்பந்தமில்லை. கோஸோ என்ற காகித மல்பெரிச் செடியின் பட்டையிலிருந்து வரும் நார். நீளமான நார் என்பதால்தான் ஈரமாக வைத்துப் பத்துப் பன்னிரண்டு முறை தேய்த்தாலும் கிழிவதில்லை. அரிசி வருவது வேறிடத்தில். பலகையில் நிறத்தைப் பூசும்போது கொஞ்சம் அரிசிப் பசை சேர்ப்பார்கள், நிறம் திட்டுத்திட்டாக நிற்காமல் இருக்க. தாளின் முதுகில் வைத்துத் தேய்க்கிற கருவி பாரென். மூங்கில் பாளை சுற்றிய வட்டத் தட்டு, உள்ளங்கையில் அடங்கும். அழுத்த இயந்திரம் எதுவும் கிடையாது, எல்லாம் தோள்பட்டையின் பலம்.

இன்னொன்று. படத்தின் மேல்விளிம்பில் கருமை அடர்ந்து கீழே போகப்போக வெளுக்கிறதே, அதற்குப் பொகாஷி என்று பெயர். மரத்தில் அப்படிச் செதுக்க முடியாது. அச்சடிப்பவர் பலகையை ஈரத்துணியால் துடைத்து, தூரிகையின் ஒரு பக்கத்தில் மட்டும் நிறம் தொட்டு இழுத்து, ஒவ்வொரு தாளுக்கும் புதிதாகச் செய்யவேண்டியது. கோயுவின் அந்தி ஹெய்பெய்யின் மணிக்கட்டில் இருக்கிறது.

கருமை | சனி, காலை 10.30

ஈயெழுத்து ஐயா சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். 200 தாள் அச்சடிப்பதை "ஒரு கிண்ணம்" என்பது போன்ற ஒரு சொல்லால் குறிப்பார்கள். அதுதான் ஒரு நாள் வேலை என்ற கணக்கு. படம் ஓடினால் மேலும் மேலும் அடிப்பார்கள். பின்னால் வந்த பிரதிகளில் பொகாஷியைக் குறைத்துக்கொள்வதும் உண்டு, நேரம் மிச்சம். ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் வானம் உயிரோடும் இன்னொன்றில் சப்பென்றும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

விலை? ஒரு தாள் ஏறக்குறைய ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலை, அல்லது கொஞ்சம் கூட. சோபா 16 மோன் (மோன் என்பது அக்காலச் செப்புக்காசு). இரண்டு வேளைச் சாப்பாட்டோடு விடுதியில் ஒரு இரவுக்குச் சுமார் 200 மோன். இன்று ஏலத்தில் போகும் விலையை வைத்து இதைப் பிரபுக்களின் கலை என்று நினைப்பவர்கள் உண்டு. மீன் விற்பவன் வாங்கிச் சுவரில் ஒட்டிக் கிழிந்துபோனால் வேறு வாங்குகிற சரக்கு இது.

சங்ககிரி_சரக்கு | சனி, பகல் 12.15

எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக லாரி புக்கிங். கலை எனக்குத் தெரியாது. ஆனால் இந்தச் சாலையில் சரக்கு எப்படிப் போனது என்று யாராவது சொன்னால் நன்றாயிருக்கும். எடோவிலிருந்து கியோத்தோவுக்கு 500 கிலோமீட்டர் இருக்குமே. வண்டி ஏன் ஒன்றுகூட இல்லை?

மேகலை_ஐச்சி | சனி, மாலை 5.45

வண்டிக்கு அனுமதி கிடையாது, கியோத்தோ பக்கம் ஓட்சு போன்ற சில இடங்கள் தவிர. ஓட்சு படத்தில் மாட்டுவண்டி வரும். மற்றபடி முழுச் சாலையும் மனிதத் தோளும் குதிரை முதுகும்தான். ஏறத்தாழ 490 கிலோமீட்டர், நடப்பவருக்கு இரண்டு வாரம்.

பிற்பாடு ஷோகுன், அதாவது நாட்டை ஆளும் படைத்தலைவர், ஆன தொகுகாவா இயெயாசு 1601இல் தங்கல் ஊர் முறையை ஏற்படுத்தினார். அப்போது ஒவ்வோர் ஊரும் அரசு வேலைக்கு 36 குதிரை வைத்திருக்கவேண்டும். பிறகு தோக்கைடோவில் அது 100 ஆளும் 100 குதிரையுமாக உயர்ந்தது. ஒரு ஊரின் ஆளும் குதிரையும் அடுத்த ஊர்வரைதான். அங்கே சுமையை இறக்கி வேறு ஆள் மேல் ஏற்றி அனுப்பவேண்டும். இந்த மாற்றத்தையே ஹிரோஷிகே ஒரு படமாக்கியிருக்கிறார், ஃபுஜியேடா ஊர். மேடையில் உட்கார்ந்து அலுவலர் கணக்கைச் சரிபார்க்கிறார். கீழே வந்து சேர்ந்தவர்கள் வியர்வையைத் துடைக்கிறார்கள், அடுத்தவர்கள் தோள் கொடுக்கத் தயாராகிறார்கள். மலை இல்லை, கடல் இல்லை, ஃபுஜி சிகரம் இல்லை. ஒரு பார்சல் ஆபீஸ், அவ்வளவுதான்.

சங்ககிரி_சரக்கு | சனி, மாலை 6.30

அந்தப் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டேன். கணக்கு எழுதுகிறவன் உயரத்திலும் சுமப்பவன் தரையிலும் இருப்பது எங்கள் ஷெட்டிலும் அப்படியே. ஒரு குதிரைக்கு எவ்வளவு ஏற்றுவார்கள்? கூடுதல் பாரம் ஏற்றினால் அபராதம் உண்டா?

மேகலை_ஐச்சி | சனி, இரவு 8.10

முழுப் பாரக் குதிரைக்கு 40 கான், சுமார் 150 கிலோ. ஆள் ஏறினால் பாரம் குறையும். சுமையாளுக்கு 5 கான், அதாவது 19 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சாலையில் சில இடங்களில் எடை சரிபார்க்கும் அலுவலகமே இருந்தது. அபராத விவரம் கைவசம் இல்லை.

கூலி இரண்டு விதம். அரசு நிர்ணயித்த கூலி ஒன்று, பேரம் பேசி முடிக்கும் கூலி ஒன்று. நிர்ணயக் கூலி குறைவு, அது அரசு அலுவலர்களுக்கும் குறுநிலத் தலைவர்களுக்கும். ஷோகுனின் சிவப்பு முத்திரைக் கடிதம் வைத்திருப்பவருக்கு முழு இலவசம். சாதாரண வியாபாரி பேரம்தான் பேசவேண்டும். ஆக, ஏழை வியாபாரியின் பணத்தில்தான் பிரபுவின் பெட்டி மலை ஏறியது.

ஊரில் ஆள் போதாதபோது சுற்றுவட்டாரக் கிராமங்கள் அனுப்பவேண்டும், நடவுக் காலமாயிருந்தாலும் சரி. சுகெகோ என்று பெயர். நகசென்டோ என்ற உள்நாட்டுச் சாலையில் இந்தச் சுமையைக் கூட்டப்போனபோது 1764இல் விவசாயிகள் பெரும் கலகத்தில் இறங்கினார்கள். படத்தில் வியர்வையைத் துடைக்கிற ஆட்களைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வடக்குத்தெரு | சனி, இரவு 8.25

நான் சிரிப்புப் படம் என்று நினைத்து உள்ளே வந்தேன். இழை இப்போது விவசாயிகள் கலகத்தில் நிற்கிறது.

ஆவாரம்பூ | சனி, இரவு 9.40

சிரிப்புப் படமா? நானும் முதலில் இருந்து படித்துக்கொண்டு வருகிறேன். மரத்தையும் தாளையும் குதிரையையும் பற்றி எல்லாரும் பேசினீர்கள். இழுக்கிற அந்தப் பெண்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவர்களுக்கு மேஷிமோரி ஒன்னா என்று பெயர். சொல்லுக்குப் பொருள், சோறு பரிமாறும் பெண். பரிமாறியதோடு வேலை முடியவில்லை. பெரும்பாலும் ஏழை வீடுகளிலிருந்து முன்பணம் கொடுத்து ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தம் எழுதிக் கொண்டுவரப்பட்டவர்கள். ஒரு விடுதிக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது என்று 1718இல் ஷோகுன் ஆட்சி உத்தரவு போட்டது. உத்தரவு போடவேண்டிய நிலை வந்ததே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்குச் சாட்சி. வாடிக்கையாளரைப் பிடித்துவராவிட்டால் அவளுடைய கடன் அடையாது. அந்த மூட்டையை அவள் இழுப்பதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வடக்குத்தெரு | சனி, இரவு 10.02

அம்மா, வரைந்தவர் சிரிக்கத்தானே வரைந்திருக்கிறார்? கண் பிதுங்குகிறவனின் முகத்தைப் பாருங்கள். படத்தில் உள்ள நகைச்சுவையை நான் உண்டாக்கவில்லை.

ஆவாரம்பூ | சனி, இரவு 10.15

சிரிக்கத்தான் வரைந்திருக்கிறார், மறுக்கவில்லை. யாருக்காக என்பதுதான் கேள்வி. வாங்கியவர்கள் எடோ ஆண்கள். தொகுதி வெளிவரத் தொடங்கிய 1833இல்தான் வடகிழக்கில் விளைச்சல் பொய்த்து தென்போ பஞ்சம் தொடங்கியது. இன்னும் பல வீடுகளிலிருந்து இன்னும் பல பெண்கள் வந்திருப்பார்கள் என்று நினைக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

மேகலை_ஐச்சி | ஞாயிறு, காலை 7.30

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அந்த இழுபறிக்கு இன்னொரு காரணம் சொல்கிறேன். என் வீட்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரம் என்பதால் கோயுவுக்குப் போயிருக்கிறேன்.

கோயுவுக்கும் அடுத்த ஊரான அகசாகாவுக்கும் இடையே தூரம் 16 சோ, அதாவது 1.7 கிலோமீட்டர். முழுத் தோக்கைடோவிலும் மிகக் குறைந்த இடைவெளி இதுதான். சாலையோரப் பைன் மரவரிசை இன்றும் இருக்கிறது. பராக்குப் பார்த்துக்கொண்டு நடந்தே 25 நிமிடத்தில் அகசாகா வந்துவிட்டது. இப்போது கோயு விடுதிக்காரரின் நிலையை நினைத்துப் பாருங்கள். மற்ற ஊர்களில் இருட்டிவிட்டால் வழிப்போக்கன் தங்கித்தான் ஆகவேண்டும், அடுத்த ஊர் எட்டுப் பத்து கிலோமீட்டர் தள்ளி. இங்கேயோ, "இன்னும் கொஞ்சம் நடந்தால் அகசாகா, அங்கே நல்ல விடுதி" என்று அவன் போய்விடுவான். விட்டால் போச்சு. அதனால்தான் கோயுவில் இழுக்கிறார்கள்.

ஹிரோஷிகே அடுத்த படத்தில் அகசாகாவை வரைந்தபோது தெருவை வரையவே இல்லை, விடுதியின் உட்புறத்தைக் காட்டினார். முற்றத்தில் ஒரு பெரிய சைக்காஸ் மரம். ஒரு பக்கம் குளித்துவிட்டுத் தோளில் துண்டோடு வருகிறவன், சாப்பாட்டுத் தட்டுகள். மறுபக்க அறையில் பெண்கள் கண்ணாடி முன் முகத்துக்கு வெள்ளை பூசிக்கொள்கிறார்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், வாசலில் நடந்தது அது, உள்ளே நடப்பது இது.

ஆவாரம்பூவுக்காக ஒன்று. கோயுவில் தோரின்ஜி என்ற கோவிலில் அந்தப் பெண்களின் கல்லறைகள் இருக்கின்றன. சிறிய கற்கள். நான் போனபோது யாரோ வைத்த புதுப் பூ இருந்தது.

ஆவாரம்பூ | ஞாயிறு, காலை 8.12

நன்றி மேகலை.

கருமை | ஞாயிறு, காலை 9.00

பலகைகளைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் தோன்றியது, நேற்றிரவு முழுக்க அதிலேயே இருந்தேன். விடுதியில் நிஜமாகவே அப்படிப் பலகை தொங்கும் வழக்கம் உண்டு. வழியில் இழுப்பும் சூதாட்டமும் தாங்காமல் ஒசாகா வியாபாரிகள் 1804இல் நனிவா குமி என்று ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள். சூதில்லாத, பெண்களை வைத்து இழுக்காத, நம்பிப் படுக்கக்கூடிய விடுதிகளைத் தேர்ந்தெடுத்து அவற்றின் வாசலில் தங்கள் பலகையை மாட்டினார்கள். உறுப்பினர் கையில் அடையாளச் சீட்டும் விடுதிப் பட்டியலும் இருக்கும். இன்றைக்கு விடுதிகளுக்கு நட்சத்திரம் கொடுத்துச் செயலியில் போடுவதன் மூதாதை.

அப்படிப்பட்ட நம்பகப் பலகை தொங்கவேண்டிய இடத்தில், கழுத்தைப் பிடித்து இழுக்கிற விடுதியின் சுவரில், எங்கள் படம், எங்கள் ஆள், எங்கள் கடை என்று மாட்டிவைத்தால் அன்றைய வாசகருக்குச் சிரிப்பு அங்கேதான் வந்திருக்கும். நாம்தான் மூட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். இது என் ஊகம், யாரும் மேற்கோள் காட்டவேண்டாம்.

விளம்பரம் இந்தத் தொகுதி முழுக்க ஒளிந்திருக்கிறது. சில படங்களில் பதிப்பாளரின் முத்திரை குதிரைத் துணியிலும் சுமையிலும் வரும்.

ஈயெழுத்து | ஞாயிறு, காலை 9.35

அற்புதமான ஊகம் கருமை. அச்சகக்காரனாக நானும் ஒன்று சொல்கிறேன். செதுக்கியவர் பெயரை எழுதியவரும் செதுக்கியவரேதான். ஓவியர் தாளில் எழுதிக் கொடுத்திருந்தாலும் உளி பிடித்தது ஜிரோபெய். தன் பெயரைத் தலைகீழாக, இடம்வலம் மாறி, மரத்தில் வெட்டும்போது அவருக்குக் கை கொஞ்சம் நின்றிருக்காதா?

வழிநடை | ஞாயிறு, பகல் 11.20

புதியவன், வணக்கம். ஹிரோஷிகே 1832இல் ஷோகுன் சார்பில் மன்னருக்குக் குதிரைகள் கொண்டுபோகும் ஊர்வலத்தோடு கியோத்தோவுக்குப் பயணம் செய்து, வழியில் பார்த்ததை அப்படியே வரைந்தார் என்று படித்திருக்கிறேன். ஆகவே இவை கண்ணால் கண்ட காட்சிகள்.

கருமை | ஞாயிறு, பகல் 11.55

வாருங்கள். அந்தக் கதை அழகானது, ஆனால் ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. சில படங்களின் அமைப்பு 1797இல் வந்த தோக்கைடோ வழிகாட்டிப் புத்தகத்தின் படங்களிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. கன்பரா படத்தைப் பாருங்கள், இரவு, முழங்காலளவு பனி, மூன்று உருவங்கள் குனிந்து போகின்றன. தொகுதியிலேயே மிகப் புகழ்பெற்ற படம். கன்பரா இருப்பதோ இதமான கடற்கரையில், அப்படிப் பனி கொட்டுகிற ஊரே அல்ல. மேலும் அந்தக் குதிரை ஊர்வலம் கோடைக்காலத்தில் போவது.

வழிநடை | ஞாயிறு, பகல் 12.10

அப்படியானால் ஏமாற்று வேலையா?

கருமை | ஞாயிறு, பகல் 12.40

ஏமாற்று என்று ஏன் சொல்லவேண்டும்? ஹிரோஷிகே எடோவில் தீயணைப்புப் பணி செய்யும் சாமுராய்க் குடும்பத்தில் 1797இல் பிறந்தவர். அப்பாவின் பதவியைச் சிறு வயதிலேயே ஏற்றவர். எடோவை விட்டு நகர முடியாதவர்களுக்கு வழியைக் காட்டுவது அவருடைய தொழில். பனி வேண்டிய இடத்தில் பனி போட்டார். கோயுவில் இழுக்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம், நேரில் போய்த்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

சங்ககிரி_சரக்கு | ஞாயிறு, பிற்பகல் 3.00

ஆறு வந்தால் என்ன செய்வார்கள்? பாலம் எத்தனை இருந்தன?

மேகலை_ஐச்சி | ஞாயிறு, பிற்பகல் 4.20

இதைக் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். ஷிமடாவுக்கும் கனயாவுக்கும் நடுவே ஓய் ஆறு. பாலமும் இல்லை, படகும் கூடாது. ஆற்றுக் கூலியாள் தோளில் ஏறித்தான் போகவேண்டும். ஹிரோஷிகேயின் ஷிமடா படத்தில் ஒரு பிரபுவின் பரிவாரம் முழுவதும் எறும்புச் சாரை போல ஆற்று மணலில் சிதறி நிற்கும்.

கரையில் அலுவலகத்தில் சீட்டு வாங்கவேண்டும். அந்தச் சீட்டின் விலை தினமும் தண்ணீரின் ஆழத்தைப் பொறுத்து மாறும், அளவுகோல் கூலியாளின் உடம்பு. தொடைக்கு வந்தால் 48 மோன். இடுப்புக் கச்சைக்குக் கீழே 52, கச்சைக்கு மேலே 68, மார்புக்கு 78, அக்குளுக்கு வந்தால் 94. அதற்கும் மேல் போனால் ஆறு மூடப்படும், வடியும்வரை கரை விடுதியில் காத்திருக்கவேண்டும். தோளில் போக ஒரு ஆள், ஒரு சீட்டு. பல்லக்குப் பலகையில் உட்கார்ந்து போகவேண்டுமானால் நான்கு ஆள், பலகைக்குத் தனிச் சீட்டு.

சங்ககிரி_சரக்கு | ஞாயிறு, மாலை 5.05

மார்பளவுத் தண்ணீரில் ஒரு ஆளைக் கடத்த ஐந்து கிண்ணம் நூடுல்ஸுக்குச் சற்றுக் குறைவு. வாங்கியவனுக்கு அது அநியாயம், சுமந்தவனுக்கும் அது அநியாயம். சரக்குத் தொழிலில் எல்லாக் கட்டணமும் இப்படித்தான் இருக்கும். ஆறு மூடினால் விடுதிக்காரருக்கு லாபம், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இலுப்பை | ஞாயிறு, மாலை 6.15

நீலத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. இந்தத் தொகுதியின் ஆழ்ந்த நீலம் ஜப்பானுடையது அல்ல, பெர்லின் நீலம். பெரோ என்றுதான் அவர்களே அழைத்தார்கள். நாகசாகி வழியாக வந்த இறக்குமதிச் சாயம், 1830ஐ ஒட்டி மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. பழைய செடி நீலங்கள் ஒளியில் மங்கும், இது மங்காது, பொகாஷிக்கும் இழைந்து கொடுக்கும். நாட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள் என்று பாடத்தில் படிக்கிறோம், படத்தின் ஆறும் வானமும் வெளிநாட்டுச் சரக்கு.

இன்னொரு சரக்கும் அதே நாகசாகி வழியாக வந்தது. கோடு போட்ட பருத்தித் துணிக்கு அங்கே சாந்தோமே-ஜிமா என்று பெயர். சாந்தோமே என்பது நம் மயிலாப்பூர்ச் சாந்தோம்தான். சோழமண்டலக் கரையிலிருந்து போன துணி என்பதால் அந்தப் பெயர். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கொள்முதல் செய்து கொண்டுபோனார்கள். எடோக்காரர்களுக்கு அது கொள்ளை ஆசை. பிறகு கவகோயே ஊரில் அதைப் பார்த்து நெய்யத் தொடங்கினார்கள்.

வழிநடை | ஞாயிறு, மாலை 6.40

ஆகா! அப்படியானால் கோயு படத்தில் அந்தப் பெண்கள் உடுத்தியிருப்பது நம் ஊர்த் துணி!

இலுப்பை | ஞாயிறு, மாலை 6.52

நான் அப்படிச் சொல்லவே இல்லை. விடுதிப் பெண்ணுக்கு இறக்குமதித் துணி யார் வாங்கித் தருவார்கள்? பெயரின் பயணத்தைத்தான் சொன்னேன். எதைப் பார்த்தாலும் நம்முடையது என்று தாவவேண்டாம் தம்பி.

கட்டுச்சோறு | ஞாயிறு, இரவு 8.30

ஒரு கேள்வி போட்டுவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பினால் இவ்வளவு. எல்லாருக்கும் வணக்கம். ஈயெழுத்து ஐயா, என்னிடம் இருப்பது பழைய அச்சா, புதிதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈயெழுத்து | ஞாயிறு, இரவு 8.48

சட்டத்திலிருந்து எடுத்து முதலில் பின்பக்கம் பாருங்கள். கையால் தேய்த்த அச்சு என்றால் நிறம் தாளின் முதுகுவரை ஊறியிருக்கும், பாரென் போன வட்டத் தடம்கூடத் தெரியும். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து ஒரே நிறமுள்ள இடத்தைப் பாருங்கள். நிறம் சீராக நார்களுக்குள் இறங்கியிருந்தால் மர அச்சு. மர அச்சு என்பதாலேயே பழையது ஆகிவிடாது, புதிய பலகை வெட்டி இன்றும் அடிக்கிறார்கள். சிறுசிறு புள்ளிகளாகத் தெரிந்தால் என் தொழில், ஆஃப்செட்.

கட்டுச்சோறு | ஞாயிறு, இரவு 10.20

பார்த்துவிட்டேன். பின்பக்கம் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. முன்பக்கம் முழுக்கப் புள்ளி. நாள்காட்டியிலிருந்து வெட்டியது போலிருக்கிறது, கீழ்விளிம்பில் தேதிக் கட்டத்தின் ஒரு கோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 300 ரூபாய் சட்டத்துக்குத்தான் கொடுத்திருக்கிறேன்.

கண்ணாடியைப் பலகைகளின் மேல் வைத்தேன். ஜிரோபெய், ஹெய்பெய் எல்லாமே நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்புப் புள்ளிகள். கண்ணாடியை எடுத்தால் மறுபடி எழுத்தாகிவிடுகின்றன. மூலையை ஆணி அடித்துச் சரிசெய்து, வாசல் கதவுக்கு எதிரே, பலகைகள் கண் மட்டத்தில் வரும்படி மாட்டியாயிற்று. செருப்பைக் கழற்ற உட்காரும் இடமும் அதுதான்.

வடக்குத்தெரு | ஞாயிறு, இரவு 10.31

கால் கழுவத் தண்ணீர் யார் கொண்டுவருவது?

ஆவாரம்பூ | ஞாயிறு, இரவு 10.33

அவரே மொண்டுகொள்வார்.